போல்ட் பிடிக்கிறது என்று வருகிறவர்களுக்கு

போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு செஞ்சியில். லைசென்ஸ் ரைபிள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும், ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். போல்ட் பிடிக்கிறது, கட்டை தோளுக்கு ஒத்துவரவில்லை. வருவது அநேகமாக இஷாப்பூர் .315. படையினர் வைத்திருந்த .303-க்குப் பொதுமக்களுக்கு லைசென்ஸ் கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது .315. உள்ளே இருப்பது பழைய லீ-என்ஃபீல்ட் வம்சத்துப் போல்ட். அதை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் மேகசினைக் கழற்று. அதன் பிறகுதான் போல்ட்டைத் திற. வரிசை மாறினால், போல்ட்டை மூடும்போது நீயே ஒரு தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடுவாய். கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார். “காலிதான் பெரியப்பா, நேற்றே பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை நான் திண்ணையிலேயே நிறுத்திவிடுவேன்.

2. வேட்டைத் துப்பாக்கி என்று பெயர் இருப்பதால் வேட்டைக்குப் போகலாம் என்று நினைக்காதே. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்துவிட்டது. பாக்கமலை ஓரத்தில் காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையைப் புரட்டிவிட்டுப் போனாலும் மனு வனத்துறைக்குத்தான். 2025-இல் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் சுடும் வேலை வனத்துறையினருடையதுதான்.

3. போல்ட் எங்கே பிடிக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் கருவியைத் தொடாதே. “டைட்டா இருக்கு” என்பது பதில் ஆகாது. காலித் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக இழுத்துத் தள்ளிப் பார். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கனமா? அது அழுக்கு, அல்லது உறைந்த எண்ணெய். மூடும்போது கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் கனக்கிறதா? அது நோயே இல்லை. லீ-என்ஃபீல்டில் ஸ்பிரிங் ஏறுவது மூடும்போது. மாசர் வகையில் திறக்கும்போது. மாசரில் பழகிவிட்டு .315-ஐ எடுத்தவர்கள் பழுது என்று அலறிக்கொண்டு வருவது வழக்கம். காலியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடி, தோட்டா போட்டால் மட்டும் மாட்டுகிறதா? மேகசினில் பார். இந்தத் தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சுட்ட பிறகு கைப்பிடி தூக்க வரவில்லை என்றால் சேம்பர் அழுக்கு, அல்லது தோட்டாவே சரியில்லை. அந்த நிலையில் சுடுவதை நிறுத்து. செருப்புக் காலால் கைப்பிடியை உதைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை இல்லை.

இன்னும் பிடிபடவில்லை என்றால், போல்ட்டை வெளியே எடுத்து, துடைத்து, மார்க்கர் பேனா மையைப் பூசு. காய்ந்ததும் போட்டு நாலைந்து தடவை இழு. எங்கே மை போய் இரும்பு பளிச்சென்று தெரிகிறதோ, உரசல் அங்கே.

4. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் பல ஸ்டேஷனுக்குப் போய்விடும். 2024-இல் நடத்தை விதி மார்ச் 16-இல் வந்தது, ஓட்டு எண்ணியது ஜூன் 4-இல். அவ்வளவு நாளும் உறையோடு ஒரு மூலையில் சாத்தியே கிடக்கும். பத்திரமாக வைத்திருப்பார்கள், எண்ணெய் போட்டுத் துடைப்பது அவர்கள் வேலை இல்லை. கேன்வாஸ் உறையும் தோல் உறையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒப்படைப்பதற்கு முன்பு நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசிக் கொடு, திரும்பி வந்த அன்றே உறையை உருவு.

என்ன எண்ணெய் என்பதையும் கேட்டுக்கொள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும். நாள்பட்டால் பிசினாகி, தூசியைப் பிடித்து வைக்கும். செஞ்சியைச் சுற்றி எங்கும் கருங்கல். அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். பிசின் ஏறிவிட்டால் மண்ணெண்ணெயில் கந்தைத் துணியை நனைத்துக் கரைத்து எடு. பல் தேய்க்கும் பழைய பிரஷ் மூலை முடுக்குக்கு உதவும். பிறகு மெல்லிய துப்பாக்கி எண்ணெய், விரலில் ஒட்டியும் ஒட்டாத அளவுக்கு. சேம்பருக்குள் மட்டும், சுடும் முன் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. சுடும்போது தோட்டாவின் குழல் சேம்பரின் உலர்ந்த சுவரை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய், உந்துவிசை மொத்தமும் போல்ட் மேல் விழும்.

5. லீ-என்ஃபீல்ட் போல்ட்டின் தலை தனித் துண்டு, திருகில் கழலும். சுத்தம் செய்தபின் முழுக்கத் திருகி, போல்ட்டின் மேலுள்ள விலாவுக்கு நேராக வரும் வரை திருப்பி வைத்தால்தான் உள்ளே போகும். நேராக வைக்காமல் “போக மாட்டேங்குது” என்று தட்டாதே. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றுக்கு மாற்றாதே. கைப்பிடியில் அடித்திருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார். வேறாக இருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்திருக்கும் ஆள் பார்த்துச் சொல்லும் வரை சுடாதே.

6. அரம் எடுக்காதே. எடுத்த இரும்பு திரும்பி வராது. தேய்த்துச் சரிசெய்யும் வேலை லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவருடையது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி பிறர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் லைசென்ஸ் வேண்டும். லேத்துப் பட்டறைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவரிடம் கொடுக்காதே.

7. போல்ட்டில் ஒரு குறையும் தெரியவில்லையா? அப்போது கட்டையைச் சந்தேகப்படு. இரண்டு புகாரும் ஒரே இடத்திலிருந்து வருவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. டிரிகர் கார்டு திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி போல்ட்டை இழுத்துப் பார். சுலபமாக ஓடுகிறதா? திரும்ப இறுக்கியதும் பிடிக்கிறதா? அப்படியானால் குற்றம் மரத்திலோ திருகிலோ. மாசர் வகை .30-06-இல் முன் திருகு கொஞ்சம் நீளமாகிவிட்டால் நுனி போல்ட்டை முட்டும். யாரோ கடையில் கிடைத்த திருகைப் போட்டிருப்பார்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பும், அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும். சித்திரையில் இறுக்கியது கார்த்திகையில் அதே இறுக்கத்தில் இருக்காது.

8. பேரல் கட்டையைத் தொடக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குடையத் தொடங்காதே. பழைய .303 எஸ்.எம்.எல்.இ.யில் முன் நுனியில் ஒரு சின்ன ஸ்பிரிங் பேரலை மேலே தாங்கும்படியே வைத்திருக்கிறார்கள். உன்னுடையது எந்த மாதிரி என்று தெரிந்த பிறகு உளி.

9. தோளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க அளவுநாடா வேண்டாம். காலித் துப்பாக்கியைத் தோளில் வை, கண்ணை மூடு, கன்னத்தைச் சாய், கண்ணைத் திற. சைட் நேராகத் தெரிந்தால் சரி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை நீளம்; கட்டைவிரல் மூக்கை இடித்தால் குட்டை. படைத் துப்பாக்கியில் பட், அதாவது தோளில் பதியும் பின்கட்டை, நாலு நீளத்தில் வந்தது: நீளம், சாதாரணம், குட்டை, அதற்கும் குட்டையான பேண்டம். குட்டைக்கு எஸ், பேண்டத்துக்கு பி என்று குத்தியிருக்கும். சாதாரணம் என்பது வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, குட்டைதான் ஒத்துவரும். மரத்தை அறுக்கும் முன் குட்டை பட் கிடைக்குமா என்று தேடு. அறுத்தது அதிகமாகிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

10. பட்டைக் கழற்றுவதற்கு முன்பு முன்கட்டையைக் கழற்று. பழைய .303-இல் பட்டின் நீளத் திருகுக்குச் சதுர நுனி. அது முன்கட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு தகட்டுக்குள் போய் உட்காரும். முன்கட்டை இருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினால், சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு பசை போட்டு ஒட்டினாலும் பின்னுதைப்பைத் தாங்கும் இடம் அது; நிற்காது. உன் மாதிரியில் அந்தத் தகடு இருக்கிறதா என்று தெரியாவிட்டாலும் முன்கட்டையை முதலில் எடு. இரண்டு நிமிட வேலை.

11. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, மறுநாள் துடைத்துவிடு. இரும்பில் பட்டால் உடனே எடு. காய்ந்து தோலாகி, மறுபடி போல்ட் பிடிக்கிறது என்று என்னிடம்தான் வருவாய். வருவதானால் லைசென்ஸ் புத்தகத்தோடு, லைசென்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு, பகலில் வா.