தாயும் மகளும்

ஒரு விளக்கின் சுடரைக் கொண்டு மற்றொரு விளக்கை ஏற்றுகின்றோம். அதனால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. கலைச்செல்வமும் அத்தகையதே, கொடுப்பதால் குறையாதது. ஆனால் விளக்கிற்கு உள்ளம் இல்லை. கொடுக்கும் மனிதர்க்கோ உள்ளம் உண்டு. தாம் நின்ற மேடையில் மற்றொருவர் ஒளிர்வதைக் காணும்போது, அவர் தாம் ஈன்ற பிள்ளையேயாயினும், கலைஞர் நெஞ்சில் மகிழ்ச்சியோடு வேறோர் உணர்ச்சியும் எழக்கூடும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டுப் பாடகியர் ஜூடி கார்லண்டு, அவர்தம் மகளார் லிசா மின்னெல்லி ஆகிய இருவர் வாழ்விலும் காணலாம்.

தாயின் இளமை

ஜூடி கார்லண்டு 1922-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மினசோட்டா மாநிலத்தில் கிராண்டு ராப்பிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரான்சிசு எத்தல் கம் என்பது. தந்தையார் அவ்வூரில் படக்காட்சிக் கொட்டகை நடத்தி வந்தார். தாயார் பியானோ வாசிப்பதில் வல்லவர். மூன்று வயது நிரம்புமுன்னரே அக்குழந்தை அக்கொட்டகையின் மேடையேறிப் பாடிற்று. பின்னர்த் தமக்கையர் இருவருடன் ஊர்தோறும் சென்று பாடி வந்தார்.

1935-ஆம் ஆண்டில், தம் பதின்மூன்றாம் வயதில், ஜூடி மெட்ரோ கோல்டுவின் மேயர் படநிறுவனத்தில் சேர்ந்தார். 1939-இல் வெளிவந்த ‘தி விசர்டு ஆப் ஆசு’ என்னும் படமும், அதில் வானவில்லைப் பற்றி அவர் பாடிய பாடலும் அவர் புகழை உலகெங்கும் பரப்பின. ஆனால் ஓடி விளையாட வேண்டிய பருவம் உழைப்பிலேயே கழிந்தது. ஓய்வின்மையும், விழித்திருக்கவும் உறங்கவும் மாத்திரைகளை நாடும் பழக்கமும் அவ்விளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டன.

1945-இல் அவர் திரைப்பட இயக்குநர் வின்சென்ட் மின்னெல்லியை மணந்தார். 1946-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் லிசா பிறந்தார். 1949-இல் வெளிவந்த தாயின் படமொன்றில், இறுதிக் காட்சியில் தோன்றும் சிறுகுழந்தை லிசாவே.

பல்சுவை நிகழ்ச்சி

ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் நகைச்சுவை விளைத்தும் வாழ்ந்த மேடைக் கலைஞர் கூட்டங்கள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பல இருந்தன. பேசும் படம் வந்தபின் அக்கூட்டங்கள் அருகின. தொலைக்காட்சி தோன்றியபோது அப்பழைய கலையே புதிய உருக்கொண்டு இல்லந்தோறும் நுழைந்தது. அதுவே பல்சுவை நிகழ்ச்சி. தலைவர் ஒருவர் முன்னின்று விருந்தினரை வரவேற்பார். இசைக்குழு வாசிக்க, பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் மாறி மாறி நிகழும். எட் சல்லிவன் என்பார் நடத்திய இத்தகைய நிகழ்ச்சி 1948 முதல் 1971 வரை ஞாயிறுதோறும் நடைபெற்றது.

1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ஜூடி கார்லண்டு தம் பெயராலேயே ஒரு பல்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆலிவுட்டில் சி.பி.எசு. நிறுவனத்தின் கலைக்கூடத்தில், அவையோர் முன்னிலையில் அது நாடாவில் பதிவு செய்யப்பட்டது. அம்மேடையில் பழைய பயணப்பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நாடோடிக் கலைஞர்க்கு வீடும் பெட்டியே, தொட்டிலும் பெட்டியே அன்றோ! அதனருகே நின்று பாடி நிகழ்ச்சியை முடிப்பது ஜூடியின் வழக்கம்.

அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் விருந்தினராக வந்தவர் பதினேழு வயது லிசா. தாயும் மகளும் சேர்ந்து பாடினர், சேர்ந்து ஆடினர். மகள் தனித்துப் பாடியபோது தாய் ஒதுங்கி நின்று இடம் விட்டார்.

டிசம்பர் 22-ஆம் நாள் ஒளிபரப்பான கிறித்துமசு நிகழ்ச்சியில் மேடையே ஜூடியின் இல்லம்போல் அமைக்கப்பட்டது. லிசாவுடன் இளையவர்களான லார்னாவும் ஜோயியும் தோன்றினர். குடியரசுத் தலைவர் கென்னடி கொலையுண்டு அன்றோடு ஒரு திங்கள் நிறைந்திருந்தது. துயருற்றிருந்த நாட்டிற்கு ஒரு தாயும் மக்களும் கூடிப் பாடும் காட்சி ஆறுதலாய் அமைந்தது.

எனினும் நிகழ்ச்சி நீடிக்கவில்லை. அதே வேளையில் வேறொரு நிறுவனம் ஒளிபரப்பிய ‘பொனான்சா’ என்னும் தொடரையே மக்கள் பெரிதும் விரும்பினர். இருபத்தாறு நிகழ்ச்சிகளோடு, 1964-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் அது முடிவுற்றது.

இலண்டன் மேடை

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஜூடி இலண்டன் மாநகரின் பல்லேடியம் அரங்கில் பாடச் சென்றார். மகளையும் உடன் பாட அழைத்தார். நவம்பர் 8-ஆம் நாளுக்குரிய இருக்கைகள் விரைவில் விற்றுப்போனமையால் 15-ஆம் நாளும் நிகழ்ச்சி நடத்த நேர்ந்தது. பிரித்தானியத் தொலைக்காட்சியும் அதனை ஒளிபரப்பியது.

பெற்ற நாளினும் பெருமகிழ்ச்சி, தன் பிள்ளையைப் பிறர் போற்றக் கேட்கும் நாளில் தாய்க்கு உண்டாகும் என்பர் பெரியோர். அம்மகிழ்ச்சியை ஜூடியும் எய்தினார். ஆனால் மகளுக்கு எழுந்த கையொலி ஓங்கியபோது, தாய்க்குள் உறங்கிய கலைஞர் விழித்துக்கொண்டார். தம் பக்கத்தில் நின்றவர் தாயாக மட்டுமன்றிப் போட்டியிடும் பாடகியாகவும் மாறியதைத் தாம் உணர்ந்ததாக லிசா பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். இதனைக் குறையென்று தாயை இகழ்தல் தகாது. இரண்டரை வயது முதல் கையொலியையே அன்பென்று கண்டு வளர்ந்த உள்ளம் அது. மேலும், அந்த மேடைக்கு மகளை அழைத்தவரும் அத்தாயே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மகளின் வழி

1965-இல், பத்தொன்பதாம் வயதில், லிசா நாடகமேடைக்குரிய டோனி விருதைப் பெற்றார். 1969-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜூடி இலண்டனில் காலமானார். உறக்க மருந்து தற்செயலாக அளவு மிஞ்சியதே காரணம். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தேழே. மூன்றாண்டுகளுக்குப் பின், 1972-இல் வெளிவந்த ‘கேபரே’ என்னும் படத்தில் நடித்தமைக்காக லிசா சிறந்த நடிகைக்குரிய ஆசுகார் விருதை வென்றார். அவ்வாண்டே ஒளிபரப்பான அவருடைய தனி நிகழ்ச்சி எம்மி விருதும் பெற்றது. தாயின் பெயரோடு ஒன்றிய வானவில் பாடலை அவர் தம்முடையதாக்கிக்கொள்ள முனையவில்லை. தமக்கென வேறு பாடல்களைத் தேடிக்கொண்டார்.

தாய் கொடுத்தது குரலும் பயிற்சியும் மட்டுமன்று. அருகில் நிற்க ஓர் இடமும் ஆகும். அவ்விடத்தில் நின்று கற்றபின், தமக்குரிய இடத்தைத் தாமே தேடிச் சென்றார் மகள். முன்னோரை மதித்தலும், அவர் நிழலிலேயே நின்றுவிடாது தம் காலில் நடத்தலும் ஒருங்கே இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.