ஒளியின் இரு இயல்புகள்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஞாயிறு மாலைதோறும் கூடும் நமது சிறு கூட்டத்தில், சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் நாம் ஆற்றிய பிரசங்கத்தில் ஒரு பெரும் பிழை செய்தோம். அப்பிழையைத் திருத்தும் பொருட்டே இப்பாடம் எழுதப்படுகின்றது.

அன்று நாம் எடுத்துக்கொண்டது தீபத்தின் உவமை. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் உரைத்த விடைகளுள், இரவின் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா வேறா என்னும் வினா வருவதை வாசகர்கள் அறிவார்கள். அதனைச் சொல்லிவந்த நாம், கேட்போர் வியக்கவேண்டும் என்னும் ஆசையால், "ஒளி அலையுமாம், துகளுமாம் என்று மேனாட்டு விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டிருக்கிறார்கள். நம் ஆசிரியர்களோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்கள்" என்று முழங்கினோம். கைதட்டலும் கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின் கல்லூரியில் பௌதிகம் பயிலும் ஓர் இளைஞர் அருகில் வந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். கண்கூசும் சிவப்பு விளக்கால் ஆகாத ஒரு காரியம், கண்ணுக்கே தெரியாத மங்கிய புற ஊதாக் கதிரால் ஆகின்றது. அது ஏன் என்பதற்கு அந்த நூலில் விடை உண்டா?" என்று பணிவாகக் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. விடை மட்டுமா? அவர் எந்தக் காரியத்தைச் சொல்கிறார் என்பதே தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சாலையில் உழைத்து, ஷிப்டு முடிந்த இரவுகளில் தாமே எழுத்துக்கூட்டிப் படித்தவர் நாம். தெரியாது என்று சொல்ல அன்று நா எழவில்லை. "பிறகு பேசுவோம், தம்பி" என்று சொல்லி நழுவினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுவாரம் நாமே அவரைத் தேடிச் சென்றோம். அவர் தம் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, பரிசோதனைச் சாலையில் அந்தக் காரியத்தையே நமக்குக் காட்டினார். கண்ணால் கண்டதை முதலில் சொல்லுகிறோம்.

ஒரு துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, தங்க இலை மின்காட்டி என்னும் கருவியின் தலையில் வைத்தார். அதற்கு எதிர் மின்னூட்டம் ஏற்றினார். உள்ளே தொங்கும் மெல்லிய இலை விரிந்து நின்றது. தகட்டின்மேல் சிவப்பு விளக்கைக் காட்டினார், இலை அசையவில்லை. பிரகாசமான வெள்ளை விளக்கை நெருக்கமாகப் பிடித்தார், அப்போதும் அசையவில்லை. பின்னர், கிருமிகளைக் கொல்லப் பயன்படும் பாதரச ஆவி விளக்கு ஒன்றை ஏற்றினார். (அதனை நேரே பார்த்தால் கண் கெடும் என்று நம்மை விலகி நிற்கச் சொன்னார்.) உடனே இலை மளமளவெனத் தாழ்ந்தது. இடையில் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் செருகினார், தாழ்வது நின்றது. எடுத்தார், மீண்டும் தாழ்ந்தது. நேர் மின்னூட்டம் ஏற்றிப் பார்த்தபோது எந்த விளக்குக்கும் இலை அசையவில்லை.

நிகழ்ந்தது யாதெனில், புற ஊதாக் கதிர் தகட்டிலிருந்து எலெக்ட்ரான் என்னும் எதிர் மின் துகள்களை வெளியே தள்ளிற்று. கண்ணாடி அக்கதிரைத் தன்னுள் அடக்கிக்கொள்ளுமாதலால் இடையில் வைத்ததும் வேலை நின்றது. இதுவே ஒளிமின் விளைவு எனப்படுவது. இதன் முதற் குறிப்பை 1887இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் கண்டார். மறு ஆண்டில் ஹால்வாக்ஸ் துத்தநாகத் தகட்டைக் கொண்டே இதனை விளக்கமாக ஆராய்ந்தார். 1902இல் லெனார்டு கண்டதோ பெரும் புதிர். ஒளியின் பிரகாசத்தைக் கூட்டினால் வெளிவரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகின்றது. ஒவ்வொன்றின் வேகமும் கூடுவதில்லை. வேகம் ஒளியின் நிறத்தையே பொறுத்திருக்கின்றது.

இது ஏன் புதிர்? அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்தில் யங் என்பவர் ஒளி அலையே என்று காட்டியிருந்தார். குக்கரஹள்ளி ஏரியில் இரண்டு கற்களை அருகருகே எறிந்து பாருங்கள். இரு வளையங்களும் சந்திக்குமிடத்தில் சில இடங்களில் நீர் இருமடங்கு எழும்பும். சில இடங்களில் எழுச்சியும் தாழ்ச்சியும் கூடி நீர் அசையாதிருக்கும். இரண்டு நுண்ணிய பிளவுகளின் வழியே வரும் ஒளியும் அவ்வாறே வெளிச்சப் பட்டைகளையும் இருட்டுப் பட்டைகளையும் மாறி மாறித் தீட்டுகின்றது. ஒளியோடு ஒளி கூடி இருள் பிறப்பதை அலையைக் கொண்டன்றி எப்படி விளக்குவது? ஆனால் ஒளி அலையாயின், பெரிய அலை அதிக வேகத்தோடு எலெக்ட்ரானைத் தள்ளவேண்டும். சிறிய அலையும் நெடுநேரம் மோதிக்கொண்டிருந்தால் சக்தி சேர்ந்து சேர்ந்து இறுதியில் தள்ளிவிடவேண்டும். இரண்டும் நிகழவில்லை. ஏற்ற நிறமுடைய ஒளி எவ்வளவு மங்கியதாயினும், பட்ட கணத்திலேயே எலெக்ட்ரான் புறப்படுகின்றது. பின்னாளில் அளந்தவர்கள், தாமதம் இருந்தாலும் நூறு கோடியில் சில பங்கு விநாடிக்கு மேற்படாது என்று கண்டார்கள்.

1905இல் ஐன்ஸ்டீன் இதற்கு விடை கூறினார். ஒளியின் சக்தி நீர்போல் ஒழுகுவதன்று. பொட்டலம் பொட்டலமாக வருகின்றது. பொட்டலத்தின் அளவு நிறத்தைப் பொறுத்தது. சிவப்பின் பொட்டலம் சிறிது. ஊதாவின் பொட்டலம் பெரிது. புற ஊதாவினது இன்னும் பெரிது. இப்பொட்டலத்திற்குப் பின்னாளில் போட்டான் என்று பெயர் வந்தது. அதிர்வெண்ணை, பிளாங்க் என்பவர் 1900இல் கண்ட ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால் பொட்டலத்தின் சக்தி கிடைக்கும்.

நம் தொழிலாளத் தோழர்களுக்கு இதனைப் பேருந்துச் சீட்டைக் கொண்டு விளக்கினோம். சீட்டு பத்து ரூபாய் என்று கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு நோட்டுத்தான். இருவர் சேர்ந்து ஒரு சீட்டு வாங்கக் கூடாது என்பது விதி. ஐந்து ரூபாய் நோட்டு உடையவர்கள் ஆயிரம் பேர் நின்றாலும் ஒருவரும் ஏறமுடியாது. இருபது ரூபாய் நோட்டு உடையவர் ஒருவர் வந்தாலும் ஏறிவிடுவார். கையில் பத்து ரூபாய் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சமே வெளிவந்த எலெக்ட்ரானின் வேகம். நோட்டின் மதிப்பு ஒளியின் நிறம். நிற்பவர்களின் எண்ணிக்கை பிரகாசம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எலெக்ட்ரான்-வோல்ட் என்னும் அளவில், துத்தநாகம் கேட்கும் சீட்டு சுமார் 4.3. சிவப்பு ஒளியின் பொட்டலம் சுமார் 1.9, ஊதாவினது 3.1. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவும் போதாது. பாதரச விளக்கின் புற ஊதாப் பொட்டலமோ 4.9. சீட்டுப் போக 0.6 மிச்சம். தசராவின்போது நம் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன. கண்ணாடிக் கூட்டுக்குள் எரியும் அந்த லட்சம் விளக்குகளும் சேர்ந்து துத்தநாகத் தகடு ஒன்றிலிருந்து செய்ய இயலாததை, மூலையில் மினுங்கும் அந்தச் சிறு விளக்கு செய்துவிடுகின்றது. இளைஞர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

ஒளி பொட்டலமாக வருவது நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை என்று சிலர் கேட்டார்கள். ஒரு வாட் அளவுள்ள பச்சை ஒளியில் விநாடிக்குச் சுமார் இருபத்தெட்டாயிரம் கோடி கோடிப் பொட்டலங்கள் வருகின்றன. மழைத்துளிகள் நெருங்கினால் தாரையாகத் தோன்றுவதில்லையா?

அமெரிக்காவில் மில்லிகன் என்பவர் ஐன்ஸ்டீனின் கருத்தை நம்பாமல், அது பொய் என்று காட்டுவதற்கே பல ஆண்டுகள் உழைத்தார். 1916இல் அவருடைய அளவைகள் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை அப்படியே மெய்ப்பித்தன. தம் விருப்பத்திற்கு மாறான முடிவை அவர் மறைக்காமல் வெளியிட்டார்; அப்போதும் பொட்டலக் கருத்தை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார். இந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. நாம் கைதட்டலுக்காக ஒரு நொடியில் சொன்னதை, அவர் பத்தாண்டு சோதித்த பின்னும் தயங்கியே சொன்னார். ஐன்ஸ்டீனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு இந்த விதிக்காகவே குறிப்பிட்டு வழங்கப்பட்டது.

நம் தேசத்தாரின் பங்கும் இதில் சிறிதன்று. 1924இல் டாக்காவிலிருந்த சத்தியேந்திர நாத் போஸ், ஒளிப் பொட்டலங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய முடியாதவையாக எண்ணுவது எவ்வாறு என்று காட்டினார். அக்கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

நமக்கு மிக நெருங்கியது சர் சி. வி. ராமன் அவர்களின் கதை. 1888இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருடன் கல்கத்தாவில் ஆராய்ந்தார். ஓர் ஒளிக்கற்றையைத் தூய திரவத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியில் நுழைந்த நிறத்தோடு வேறொரு நிறமும் மிக மங்கலாகக் கலந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். சுமார் அறுபது திரவங்களில் பார்த்தும் அவ்வாறே இருந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அது தெளிவாயிற்று. அதை அறிஞர் சபையில் விரிவாக எடுத்துரைத்தது எங்கே தெரியுமா? அன்றைய மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பெங்களூரில்! 1928 மார்ச் 16ஆம் நாள், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிருந்த சென்ட்ரல் கல்லூரியில், 'ஒரு புதிய கதிர்வீச்சு' என்னும் பொருள் பற்றி அவர் பேசினார். 1930இல் நோபல் பரிசு. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமை. பின்னர் 1948இல், மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் தம் சொந்த ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1970இல் மறையும் வரை அங்கேயே இருந்தார்.

ராமன் விளைவின் பொருளைப் பொட்டலக் கணக்கால் எளிதில் உணரலாம். 435.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பென்சீன் திரவத்தில் புகுகின்றது. பெரும்பாலான போட்டான்கள் அப்படியே சிதறுகின்றன. சுமார் கோடியில் ஒன்று மட்டும், தன் சக்தியில் ஒரு பங்கைப் பென்சீன் மூலக்கூறுக்குக் கொடுத்து அதனை அதிரச் செய்துவிட்டு, இளைத்து வெளிவருகின்றது. இளைத்த பொட்டலம் என்றால் சிவப்பின் பக்கம் நகர்ந்த நிறம். 456 நானோமீட்டர் அருகே ஒரு மங்கிய கோடு விழுகின்றது. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு தன் சக்தியைப் போட்டானுக்குக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அத்தகைய மூலக்கூறுகள் சிலவே. ஆகையால் அந்தப் பக்கத்துக் கோடு இன்னும் மங்கியிருக்கும். நிறம் மாறுவதை அலைக் கொள்கையாலும் ஒருவாறு விளக்கலாம். இரு பக்கத்துக் கோடுகளுக்கும் பிரகாசம் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றது என்பதற்கு அது போதாது. எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதி இளைப்பதை அமெரிக்கரான காம்ப்டன் 1923இல் கண்டிருந்தார். ராமனும் கிருஷ்ணனும் தங்கள் முதற் கடிதத்திலேயே அதனோடு ஒப்பிட்டுப் பேசினார்கள்.

இதுவரை சொன்னது ஒளியைப் பற்றி. 1924இல் பிரான்சில் டி பிராய் என்பவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: அலையென்று நினைத்தது துகளாகவும் நடக்குமாயின், துகளென்று நினைத்தது அலையாகவும் நடக்காதா? 1927இல் டேவிசன், ஜெர்மர் இருவரும் 54 வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரான்களை நிக்கல் படிகத்தின்மேல் வீச, அவை அலைகளைப் போலவே குறிப்பிட்ட ஒரு திசையில் கூடித் தெறித்தன. அதே காலத்தில் ஜி. பி. தாம்சனும் வேறு வழியில் இதைக் கண்டார். எலெக்ட்ரானைத் துகளென்று காட்டிப் பரிசு பெற்றவர் தந்தை ஜே. ஜே. தாம்சன், அதனை அலையென்று காட்டிப் பரிசு பெற்றவர் மகன். இருவர் சொன்னதும் மெய்.

அப்படியானால் தறியில் ஓடும் நாடாவும் அலையா என்று பழைய ஆலைத் தோழர் ஒருவர் சிரித்தார். கணக்குப் போட்டோம். அரைக் கிலோ எடையுள்ள நாடா விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் ஓடினால், அதன் அலைநீளத்தைவிட அணுவின் உட்கரு லட்சம் கோடி கோடி மடங்குக்கு மேல் பெரிது. அந்த அலையை எந்தக் கருவியும் காட்டாது. எலெக்ட்ரான் மிக இலேசானது. அதனால்தான் அதன் அலை படிகத்தில் வெளிப்படுகின்றது.

எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், திரையில் அவை தனித்தனிப் புள்ளிகளாகவே விழுகின்றன. ஆயிரக்கணக்கில் விழுந்தபின் பார்த்தால் அப்புள்ளிகளே அலைப் பட்டைகளாகத் திரண்டிருக்கின்றன. ஜப்பானில் 1989இல் இதனைப் படமாகவே காட்டினார்கள். எந்தப் புள்ளி எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. எங்கே அதிகம் விழும் என்பதை மட்டும் அலை சொல்லுகின்றது. இதனை 'ஒன்றுமில்லை', 'எல்லாம் மாயை' என்று பெயர்த்துச் சொல்வது தவறு. இலை தாழ்ந்தது மாயையன்று, 4.3 என்னும் எண்ணும் மாயையன்று.

நாம் வேலை செய்த ஆலையில் ஓர் இயந்திரத்தின் இருபுறமும் இரண்டு சிறு கண்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளிக்கீற்று ஓடும். பஞ்சுத் திரி அறுந்து குறுக்கே விழுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் அதன் தூசியைத் துடைத்தோமேயன்றி, அதனுள் நிகழ்வது இன்னதென்று கேட்டதில்லை. அதிலும், இன்று கூரைகளில் காணும் சூரியத் தகடுகளிலும், எலெக்ட்ரான் வெளியே பாய்வதில்லை. உள்ளேயே கட்டவிழ்ந்து மின்னோட்டமாகின்றது. சிலிக்கான் கேட்கும் சீட்டு 1.1தான், ஆகையால் சிவப்பு ஒளியே அதற்குத் தாராளமாகப் போதும்.

இத்தனையும் படித்து முடிக்க நமக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதன்பின் வந்த ஞாயிறன்று, அதே கூட்டத்தில், அதே இளைஞரை முன்வரிசையில் அமர்த்தி, "நாகசேனரின் தீபம் பிறவித் தொடரை விளக்கவந்த உவமை, ஒளியின் இயல்பை ஆராயவந்ததன்று. நாம் அன்று கூறியது தவறு" என்று சொன்னோம். இம்முறை கைதட்டல் இல்லை. சிலருக்கு வருத்தமாகவும் இருந்தது. பின்வரிசையில், தேவராஜ மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு மூதாட்டி எழுந்து, "விளக்கை அணைத்துவிட்டால் அந்தப் பொட்டலமெல்லாம் எங்கே போகுது, சாமி?" என்று கேட்டார்.

சுவரிலும் தரையிலும் நம் உடையிலும் பட்டு அடங்கி, அவற்றைச் சிறிதே சூடாக்கிவிட்டு மறைகின்றன என்று விடை சொன்னோம். அந்த விடை சரிதானா என்று இளைஞரைப் பார்த்தோம். அவர் தலையசைத்தார்.