நக்குரு ஏரியும் பூநாரைகளும்

கென்யா நாட்டின் பிளவுப் பள்ளத்தாக்கில் நக்குரு ஏரித் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. 1968ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இங்குக் காண்டாமிருகங்களையும் 400க்கும் மேற்பட்ட பறவை இனங்களையும் காணலாம். காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொல்வோரிடமிருந்து காக்கப் பூங்காவைச் சுற்றி வேலி அமைக்கப்பட்டுள்ளது.

முன்பு இவ்வேரிக்கரை தொலைவிலிருந்து பார்ப்போருக்கு இளஞ்சிவப்பாகத் தோன்றும். இலட்சக்கணக்கான பூநாரைகள் அங்குக் கூடியதே அதற்குக் காரணம். உவர்நீரில் செழித்து வளரும் நீலப்பச்சைப் பாசியே சிறு பூநாரைகளின் முதன்மை உணவாகும். அவ்வுணவிலுள்ள நிறமியே அவற்றின் இறகுகளுக்கு நிறம் தருகிறது.

2010ஆம் ஆண்டுக்குப் பின் ஏரியின் நீர்மட்டம் உயரத் தொடங்கியது. பூங்காவின் பழைய நுழைவாயிலும் நீரில் மூழ்கியது. நீர் பெருகியதால் உவர்ப்புக் குறைந்தது, பாசியும் குறைந்தது. எனவே, பூநாரைகளுள் பெரும்பாலானவை போகோரியா முதலிய பிற ஏரிகளை நாடிச் சென்றன.

வேலி காண்டாமிருகத்தைக் காக்கும். ஆனால், ஏரிக்கு ஏரி பறந்து இரைதேடும் பூநாரைக்கு ஒரு பூங்கா மட்டும் போதாது. நக்குரு, போகோரியா, எலிமென்டைட்டா ஆகிய மூன்று ஏரிகளையும் யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் ஒரே உலக மரபுடைமையாக அறிவித்தது. ஓர் ஏரி கைவிட்டாலும் மற்றோர் ஏரி இருந்தால்தான் பூநாரைகள் பிழைக்கும்.