சப்பாத்திக்கு மாறினால் தொப்பை கரையுமா?

சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்று தில்லி வந்த நம்மவர் பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்ப்போமா? நூறு கிராம் அரிசியானாலும் கோதுமை மாவானாலும் ஏறக்குறைய 350 கலோரிதான். (கோதுமையில் நார்ச்சத்து அதிகம், அது நல்லதே.) மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்போ 9. சப்பாத்தியில் தடவும் ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 110க்கு மேல்!

நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடின. டெண்டரில் கொள்ளும் அளவுக்குத்தான் நிலக்கரி ஏற்றலாம். மிஞ்சியது யார்டில் குவியும். உடம்பின் டெண்டர் கல்லீரலும் தசையும். அங்கே கிளைக்கோஜன் சுமார் அரைக் கிலோதான் பிடிக்கும். யார்டு, கொழுப்புத் திசு. அதிக மாவுச்சத்து தின்றால், அதில் கொழுப்பாக மாறுவது கொஞ்சமே. ஆனால் உடம்பு அதை முதலில் எரித்துக்கொண்டு, கூட வந்த நெய்யையும் எண்ணெயையும் யார்டுக்கு அனுப்பிவிடும். பலன் ஒன்றுதான்.

உடலில் ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. தினம் 100 மிஞ்சினால் இரண்டரை மாதத்தில் ஒரு கிலோ. எடை ஏற ஏற உடம்பின் செலவும் கூடுவதால் பின்னர் வேகம் குறையும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் நீரிழிவுக்கு வழிவிடுவது. இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. வீட்டில் தையல் டேப் இருக்குமே, இன்றே சுற்றிப் பாருங்கள்.