ஏசுநாதர் தமிழரென்னும் கூற்றும் அளவை நெறியும்

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே சைவநெறி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்காலத்தில் மாணாக்கரிடமிருந்து புதியதொரு வினா எழுதல் கூடும். “ஏசுநாதர் தமிழராமே, ஈசன் என்னும் நாமமே ஏசு என்று திரிந்ததாமே, அவர் இமயத்திலே யோகம் பயின்றாராமே, மெய்தானா?” என்பதே அவ்வினா. கைத்தொலைபேசி வழியாக இத்தகைய செய்திகள் லயங்கள்தோறும் புகுகின்றன. கேட்கும் பிள்ளைக்கு உள்ளங் குளிர்கின்றது. கேட்கும் ஆசிரியருக்கும் சிறிது குளிர்தல் இயல்பே. ஆயினும் உள்ளங் குளிர்தல் பிரமாணமாகாது. ஆதலின், நம் சித்தாந்த நூல்கள் வகுத்த அளவை முறையானே இப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியார் அளவை கூறியே பொருளிற் புகுகின்றது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. ஐயமும் திரிபும் நீங்கினாலன்றிக் காட்சியும் அளவையாகாது. அன்றியும், அந்நூலின் பரபக்கம் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோர் கொள்கைகளை முதலிலே அவரவர் கூறுமாறே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றது. பிறர் கூற்றை உள்ளவாறு கூறுதல், கூறியதைச் சான்றுகொண்டு அளத்தல் ஆகிய இவ்விரண்டும் நமக்கு வழிவழி வந்த ஒழுங்குகளாம்.

முதலாவது, இமயமலைக் கதையை எடுத்துக்கொள்வாம். நிக்கொலாஸ் நொட்டோவிச் என்னும் ருஷ்யர் 1894ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். லடாக்கிலுள்ள ஹெமிஸ் மடத்திலே கால் முறிந்து தங்கியிருந்தபொழுது, “ஈஸா” என்பாரின் சரிதையை அம்மடத்து லாமா தமக்குப் படித்துக் காட்டினார் என்றும், ஏசுநாதர் இளமையில் ஜகந்நாதம், காசி முதலிய இடங்களிற் பயின்றார் என்றும் அவர் எழுதினார். வேத நூல்களைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் அவ்வாண்டிலேயே அதனை ஐயுற்று எழுதினார். ஆக்ராவிலிருந்த பேராசிரியர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்பார் 1895இல் ஹெமிஸ் மடத்திற்குத் தாமே சென்று தலைமை லாமாவை வினாவினார். கால் முறிந்த ஐரோப்பியர் எவரும் அங்கு வந்து தங்கியதில்லை என்றும், அத்தகைய நூலொன்று இல்லை என்றும் லாமா விடையிறுத்தார். 1922இல் அபேதானந்த சுவாமிகள் அங்குச் சென்று அவ்வேட்டைப்பற்றி அறிந்ததாக எழுதியதும் உண்டு. சுவாமிகள் நம்மவர் என்பதுபற்றி அளவையைத் தளர்த்தலாகாது. அவ்வேடு இன்றுகாறும் அறிஞர் ஆராய்ச்சிக்கு வைக்கப்பட்டிலது. காட்சிக்கு வாராத ஏடு உரையளவையாதல் யாங்ஙனம்?

இரண்டாவது, ஏசுநாதர் தமிழர் என்னும் கூற்று. விநாயக தாமோதர சாவர்க்கரின் தமையனாராகிய கணேச தாமோதர சாவர்க்கர் மராத்தி மொழியில் எழுதி 1946இல் வெளிவந்த “கிறிஸ்து பரிசய” என்னும் நூலே இதற்கு மூலம். ஏசுநாதர் விசுவகருமப் பிராமணர் என்றும், அவர்தம் தாய்மொழி தமிழ் என்றும், சிலுவையினின்று உயிருடன் காப்பாற்றப்பெற்று இமயஞ் சேர்ந்தார் என்றும் அது கூறும். 2016இல் மும்பையில் அந்நூல் மறுபதிப்பாயிற்று. கூற்றுப் பெரிதாயின் சான்றும் பெரிதாதல் வேண்டும். ஏசுநாதர் வாழ்ந்த முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, ஏடு, நாணயம் என்பவற்றுள் ஒன்றேனும் இதற்குத் துணைநில்லாது.

மூன்றாவது, பெயர் ஒப்புமை. கயிற்றைப் பாம்பெனக் காணும் திரிவுக் காட்சிக்கு இது நல்ல உதாரணமாம். ஈசன் என்பது ஆளுதற் பொருளுடைய வடமொழி அடியிற் பிறந்த நாமம். ஏசு என்பதோ “யெசுவா” என்னும் எபிரேயப் பெயர் கிரேக்கத்தின் வழித் திரிந்து நம் மொழிக்கு வந்தது. மீட்டல் என்னும் பொருள் உடையது. கிருஷ்ணன் என்பது கருநிறத்தைக் குறிக்கும். கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல் எண்ணெயால் அபிஷேகம் பண்ணப்பெற்றவர் எனப் பொருள்படும். சந்திரநாகூரில் நீதிபதியாயிருந்த லூயி ஜக்கோலியோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1869இல் இவ்விரு பெயர்களையும் பிணைத்து ஒரு நூல் எழுதினார். அவர் காட்டிய பெயர்வடிவம் வடமொழி நூல் எதிலும் இல்லை. செவிக்கு ஒத்தன யாவும் பிறப்பால் ஒன்றெனின், தமிழில் “மா” என்னும் ஓரெழுத்தே மாமரமும் விலங்கும் பெருமையும் ஆதலின், மாமரமே விலங்கென்று கொள்ள நேரும்.

இனி, இக்கூற்றுக்களை ஒருபுடை வைத்து, மறுபுடையில் நம்மீது வந்த கூற்றுக்களையும் நோக்குவாம். போப்பையர் 1886இல் வெளியிட்ட திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில், திருவள்ளுவர் மயிலாப்பூரிலே கிறிஸ்தவ போதகர்களோடு பழகியிருத்தல் கூடும் என்று ஊகித்தெழுதினார். 1969இல் திருவள்ளுவர் கிறித்தவரா என வினாவும் நூலொன்று தெய்வநாயகம் என்பவரால் வெளிவந்தது. பின்னர் அவர், தோமையார் போதனையே திருக்குறளுக்கும் சைவசித்தாந்தத்திற்கும் ஊற்று என்னுங் கொள்கையை விரித்தெழுதினார். அதற்கு அருணை வடிவேல் முதலியார் எழுதிய விரிவான மறுப்பு 1991இல் தருமபுர ஆதீனச் சார்பில் வெளிவந்தது. சைவவுலகம் அம்மறுப்பைப் போற்றியது. ஏன்? ஒப்புமை மாத்திரையால் ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது எனல் பொருந்தாது என்பதனால் அன்றோ? அந்நியாயம் நம்மைக் காக்கும்பொழுது நியாயம். பிறரைக் காக்கும்பொழுது அநியாயமோ? ஈசனே ஏசு என்பாரும், சித்தாந்தமே விவிலியம் என்பாரும் ஒரே தராசின் ஒரே தட்டில் நிற்பவர் என்க.

விருப்பம் அளவையை மறைக்குமாயின் விளைவது யாதென்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னை மயிலைப் பேராயராயிருந்த அருளப்பர் தமிழறிந்தவர். தோமையாரும் வள்ளுவரும் சந்தித்தனர் என்பதற்குப் பழைய ஏடுகள் உள என்று ஒருவர் கூற, அவற்றைத் தேடுதற்காக அவருக்குப் பெருந்தொகை கொடுத்துவந்தார். சான்றுகள் பொய்யாகப் புனையப்பட்டன என்பது பின்னர் வெளிப்பட்டது. வழக்குத் தொடரப்பெற்று, புனைந்தவர் 1980இல் தண்டிக்கப்பட்டார். கற்றவரும் தாம் விரும்பிய பொருளிடத்தே ஏமாறுவர். இதனைக் கேட்டு நகைத்தல் வேண்டா. நாமும் ஏமாறும் இடம் அதுவே.

ஆயின் கிறிஸ்து சமயத் தோற்றம்பற்றி ஆசிரியர் கூறத்தக்கது யாது? ஏசுநாதர் பலஸ்தீனத்திலே கலிலேயாவைச் சேர்ந்த யூதர். உரோம ஆளுநராகிய பொந்தியு பிலாத்துவின் காலத்திற் சிலுவையேற்றிக் கொல்லப்பட்டவர் என்பது சரித்திர அறிஞர் பெரும்பாலார் துணிபு. பவுல் என்பவர் எழுதிய நிருபங்கள் அதன்பின் இருபது முப்பது ஆண்டுகளுள் எழுந்தவை. அச்சமயத்தை வெறுத்த உரோம ஆசிரியராகிய தசித்து இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தண்டனையைக் குறிப்பிடுகின்றார். பகைவர் வாக்கும் உடன்படுதலின் அது வலிய சான்றாம். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவிற் கிடைத்தது. நம் பக்கத்திலும் சான்றுகள் உள. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துச் செப்பேடு ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு அளித்த உரிமைகளைக் கூறும். ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மாஸ் என்பவர் இலங்கையிலிருந்த பாரசீகக் கிறிஸ்தவர்களைக் குறித்துள்ளார். 1912இல் அநுராதபுரத்திலே பழைய சிலுவைக் கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. இவற்றைக் கூறுதலாற் சைவத்துக்கு ஒரு குறையும் வாராது.

ஆறுமுகநாவலரவர்கள் காட்டிய வழியும் இதுவே. பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியமையால் அவர்கள் அந்நூலை ஆழக் கற்றிருந்தார்கள். 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்திலே விவிலிய வசனங்களையே எடுத்துக்காட்டிப் பாதிரிமாரின் தூஷணங்களுக்கு விடையிறுத்தார்கள். எவரும் ஏட்டைத் திறந்து ஒத்துப் பார்த்தற்கு இடமிருந்தமையே அவ்விடையின் வலிமை.

நாவலரவர்கள் அந்நூலை வெளியிட்ட அவ்வாண்டிலேயே மலைநாட்டுத் தோட்டத் தமிழர்க்கெனச் சர்ச் மிஷன் சங்கத்தாரின் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. இன்று நம் தோட்டங்களில் ஒரே லயத்தில் ஒரு காம்பிராவிலே திருநீறும் அடுத்த காம்பிராவிலே செபமாலையும் உள்ளன. ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் இரு சமயத்தினராதலும் உண்டு. மாமனையும் சித்தியையும் நோக்கி “உங்கள் சுவாமி எங்களிடம் களவெடுக்கப்பட்டவர்” என்று ஒரு பிள்ளை கூறுமாயின், உறவு முறியும். நாளை அது பொய்யென்று அப்பிள்ளை தானே அறியும்பொழுது, அதனைக் கூறிய ஆசிரியரிடத்தும், அவர் கற்பித்த திருமுறையிடத்தும் ஐயங் கொள்ளும். புனைகதையால் வரும் கேடு இதுவே.

அன்றியும், சான்றின் அருமையைத் தோட்டத் தமிழரினும் அறிந்தவர் யாவர்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபொழுது, அது காட்டமாட்டாது இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அக்குறை முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குச் சான்றில்லாச் சரித்திரத்தைக் கற்பித்தல் ஆகுமோ?

ஆதலின், இவ்வினா வகுப்பில் எழும்பொழுது ஆசிரியர் பிள்ளையைக் கடிந்து அடக்கலாகாது. மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதுக: இதனை முதலிற் கூறியவர் யார், எந்த ஆண்டில்? அவர் கூறிய ஏட்டையோ கல்லையோ வேறொருவர் கண்டனரா? இதே நியாயத்தைப் பிறர் நம்மீது செலுத்தின் நாம் உடன்படுவோமா? முதற்பயிற்சிக்குப் பதுளை நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தையே கொள்ளலாம். 1845இல் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் நினைவாக 1857இல் எழுந்தது அது. அச்செய்தியை எதனால் அறிகின்றோம் என்று தேடுமாறு பிள்ளைகளை ஏவுக. கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும்.

சிவபெருமான் மெய்ப்பொருள். மெய்ப்பொருளை வழிபடுவார்க்குப் பொய் ஒருகாலும் துணையாகாது. பிற சமயத்தின் பிறப்பைத் திரித்துக் கூறித்தான் நம் சமயத்தின் சிறப்பை நிறுவல் வேண்டுமென்று எண்ணுவோர் நம் சமயத்தைச் சிறிதென எண்ணுவோரேயாவர். அவ்வெண்ணம் நம் ஆசிரியர்பால் இல்லாதொழிக.