ஒரகடத்துச் சரளை மேட்டில் கேமராவோடு: பழைய ஈமக்காடுகளைப் பார்க்கும், படமெடுக்கும் முறை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறவர் கண்ணில் படுவது தொழிற்சாலை மதில்களும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் மனித வரலாறு மிகப் பழையது. ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் அகழாய்வு செய்த இந்தியத் தொல்லியல் துறை கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பெருங்கற்கால ஈமக்காடுகள் சிதறிக் கிடக்கின்றன.

அந்தக் கால மக்கள் பெரும்பாலும் விளைநிலத்தில் பிணம் புதைக்கவில்லை. ஏரிக்கு மேலே இருக்கும் சரளை மேட்டையும் குன்றின் அடிவாரத்தையும் தேர்ந்தார்கள். ஏருக்கு உதவாத அதே மேட்டு நிலம்தான் பின்னாளில் கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் தொழிற்பேட்டைக்கும் முதலில் போகிறது. அதனால் இங்கே ஒருவர் எடுக்கும் ஒழுங்கான படம், பல இடங்களில் அந்தக் கல்லறைக்கு மிஞ்சப்போகும் ஒரே பதிவாக இருக்கலாம். அந்த அக்கறையோடு போகிறவருக்கான வழிமுறை இது.

முதல் வேலை கண்ணைப் பழக்குவது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிட்டால் போதும். முதுமக்கள் தாழி, வரிசையாகக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை, கறுப்பு-சிவப்பு மட்கலம் ஆகியவை மனதில் பதிந்துவிடும். பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்ஸாண்டர் ரீ கண்டெடுத்தது இத்தகைய பேழையைத்தான். மண்ணுக்கு மேலே தெரிவது வேறு: பாறைத் துண்டுகளை வட்டமாகப் பதித்து, நடுவே சிறு கற்களைக் குவித்த கல்வட்டம். பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்துப் பாதி புதைத்தது கற்பதுக்கை. பழகாத கண்ணுக்கு இரண்டுமே வெறும் பாறைக் குவியல்தான்.

இடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950இலும் 1952இலும் அகழாய்வு நடந்தது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குன்னத்தூரில் 1950களில் நடந்தது. இந்த வட்டாரத்தில் பல ஈமக்காடுகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை உள்ள இடத்துக்கே முதலில் போவது நல்லது. மற்ற இடங்களுக்கு வழி சொல்லக்கூடியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். “பெரியவரே, இந்தப் பக்கம் பாண்டவர் குழின்னு ஏதாவது இருக்குங்களா?” என்று ஊர் வழக்குப் பெயரில் கேட்டால், மேப்பில் இல்லாத மேடு ஒன்றைக் கைநீட்டிக் காட்டுவார்கள். சில கற்களுக்கு ஊரார் மஞ்சள் பூசிக் கும்பிடுவதும் உண்டு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்ட பிறகே கேமராவை எடுக்க வேண்டும். இன்றும் அடக்கம் நடக்கும் இடுகாடு பக்கத்தில் இருந்தால், துக்கத்தில் நிற்பவர்களை எந்தத் தூரத்திலிருந்தும் படமெடுக்கக் கூடாது.

தை, மாசி மாதங்கள் தோதானவை. மழைக்குப் பின் எழுந்த புல் காய்ந்து கற்கள் வெளியே தெரியும், வெயிலும் தாங்கும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் தொழிற்சாலைக்குப் போடும் சேஃப்டி ஷூவே இங்கும் சரி. கற்களின் இடுக்கில் பாம்பு இருக்கும். கையை விடாமல் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

இனி படம். கல்வட்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒளியில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் அது தரையோடு ஒட்டிப்போய்விடும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு கல்லும் நீள நிழல் விழுத்தும். அப்போதுதான் விடுபட்ட வட்டம் முழுசாகக் கண்ணுக்கு வரும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, எஃப் 8 அல்லது 11இல் எடுத்தால் முன்கல்லும் பின்கல்லும் தெளிவாக விழும். செல்பேசிதான் இருக்கிறது என்றால் செல்ஃபி கோலின் நுனியில் மாட்டி, தலைக்கு மேலே உயர்த்திக் கீழ்நோக்கி எடுக்கலாம். ட்ரோன் ஆசை வரும். ஆனால் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குத் தனி அனுமதியும் வேண்டும்.

ஒரு கல்வட்டத்துக்கு ஒரு படம் போதாது. முதலில் குன்று, ஏரிக்கரை, பக்கத்துக் கம்பெனி மதில் எல்லாம் சேர்ந்த அகலமான படம். மதிலை வெட்டி ஒதுக்கினால் இடம் எது என்பதே பின்னால் தெரியாது. அடுத்து நான்கு திசையிலிருந்தும் முழு வட்டம். பிறகு தனிக் கல், பக்கத்தில் அளவுக்கு ஓர் அடி ஸ்டீல் ஸ்கேல். கடைசியாகச் சிதைவு: ஜேசிபி பற்களின் கீறல், புதையல் தேடித் தோண்டிய குழி, கொட்டிய கட்டடக் கழிவு. அழகில்லாத இந்தப் படங்கள்தான் பின்னால் அதிகம் உதவும். முப்பரிமாண மாதிரி செய்ய நினைப்பவர் மட்டும் மேகமூட்டமான நாளில் போக வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் முக்கால் பங்கு ஒன்றுபடும்படி வட்டத்தைச் சுற்றி வந்து எடுத்தால், நிழல் குழப்பாமல் மாதிரி உருவாகும்.

எழுத்துள்ள கல்லறைகளில் பழக விரும்பினால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகலாம். கடலோர டச்சுக் கோட்டைக்குள் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் செதுக்கிய பலகைக் கற்களோடு இருக்கின்றன. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலோ கல்லில் வடித்த இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், மாவு, எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம்; எல்லாமே கல்லைத் தின்னும். நண்பர் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில அடி தள்ளிப் பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் சாய்வாகத் திருப்பினால் போதும். ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் நிழல் கட்டி வாசகம் எழும்பி வரும். தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவை.

ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பலர் பயிற்சிக்காகக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா கல்திட்டைகள் 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கங்ஹ்வா தீவு இஞ்சியோனைச் சேர்ந்தது. ஒரு விடுமுறை நாளில் போய்வரலாம். நம் ஊர்க் கற்பதுக்கையைப் பார்த்த கண்ணோடு அங்கே நிற்பது தனி அனுபவம். ஜப்பானின் சகாய் நகரில் 486 மீட்டர் நீளமுள்ள டைசென் கல்லறை மேட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. நகராட்சிக் கட்டடத்தின் 21ஆம் மாடியிலிருந்து படமெடுக்கலாம், ஆனால் மேட்டின் சாவித்துளை வடிவம் அங்கிருந்தும் தெரியாது.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது: எதையும் எடுத்து வரக்கூடாது. ஒரு பானை ஓடுகூட, அது கிடந்த இடத்தில் இருந்தால்தான் ஆய்வாளருக்குப் பேசும். தோண்டியபோது பழம்பொருள் வெளிவந்ததைப் பார்த்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும். பாதுகாப்பில்லாத இடங்களின் துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால் புதையல் தேடுகிறவர்களுக்கு வழி காட்டியதாகிவிடும். பதிவேற்றும் முன் படத்திலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட வேண்டும்.

வீடு திரும்பிய அன்றே ஊர்ப்பெயர், தேதி, திசை, கல்வட்டத்தின் குறுக்களவு ஆகியவற்றைக் கோப்புப் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும். மூலப் படங்களின் ஒரு பிரதியை, புல எண் தெரிந்தால் அதையும் சேர்த்து, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். அடுத்த ஆண்டு தை மாதம் அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடியும் எடுத்தால் எந்தக் கல் நகர்ந்தது, எது காணாமல் போனது என்பது தெரிந்துவிடும்.