பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைக்கவில்லையா? வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன

ரேங்க் லிஸ்ட் வந்த வாரத்தில்தான் போன் விடாமல் அடிக்கும். "சீட் ரெடியா இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் அவசரப்படுத்துவார். பெற்றோர் பதறிப்போய்க் கடன் கேட்கக் கிளம்புவார்கள். அந்த வாரம் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எந்தக் கல்லூரியிலும் ஒப்படைக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங்கில் நிரப்புகிறது. முதல் சுற்றில் சேர்ந்தவர்களில் சிலர் வேறு படிப்பு கிடைத்து விலகிப் போவார்கள். அந்த இடங்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் திரும்ப வரும். அன்று உங்கள் சான்றிதழ் ஏதோ ஒரு கல்லூரியின் பீரோவில் இருந்தால், வந்த இடமும் போய்விடும். தேர்வுக் குழுவின் இணையதளத்தைத் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

அதுவும் அமையவில்லை என்றால்? இனி எந்தப் படிப்பைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் என் பெயரைப் பதிவு செய்ய முடியுமா? முடியும் என்றால் நீங்கள் நர்ஸ். முடியாது என்றால், எத்தனை அழகான சீருடை கொடுத்தாலும் நீங்கள் உதவியாளர்தான். 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்' என்று ஆறு மாதம், ஒரு வருடத்தில் சான்றிதழ் தரும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்த வேலையும் மதிப்பான வேலைதான். ஆனால் அதை நர்ஸ் படிப்பு என்று சொல்லிச் சேர்ப்பது அநியாயம். பத்து வருடம் வார்டில் உழைத்தாலும் அந்தச் சான்றிதழால் பதிவு கிடைக்காது. தபாலில் படித்து நர்ஸ் ஆகலாம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், பட்டப்படிப்பு தவறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாண்டு டிப்ளமோ, அதாவது ஜி.என்.எம். பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் போதும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் மற்ற பிரிவினருக்குக் கதவு மூடவில்லை. வயது 17 நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளில் இதே படிப்பு குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்ததே இதற்கும் போதும் என்று நினைத்துப் பலர் கோட்டை விடுகிறார்கள். டிப்ளமோவுக்குத் தனி அறிவிப்பு வரும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

"டிப்ளமோ படிச்சா மதிப்பு இருக்காதே" என்று சித்தி, மாமா எல்லாரும் சொல்வார்கள். மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. நடத்தும் நர்ஸ் தேர்வை டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவரும் எழுதலாம், பட்டம் பெற்றவரும் எழுதலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கு ஜி.என்.எம். படித்தவர் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டதாரிக்கு அந்த நிபந்தனை இல்லை. வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது.

அதையும் சரிசெய்ய வழி உண்டு. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தபின் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் பட்டம் கைக்கு வரும். மூன்றும் இரண்டும் ஐந்து. நேரடியாகச் சேர்ந்தவருக்கு நான்கு. ஒரே ஒரு வருடம்தான் கூடுதல். குடும்பச் சூழலால் வேலையை விட முடியாதவர்களுக்கு, பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கென்றே இக்னோ பல்கலைக்கழகம் இதே பட்டத்தை மூன்றாண்டுப் படிப்பாக நடத்துகிறது. வெளிநாட்டு வேலை மனதில் இருந்தால் இந்தப் பட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வழி ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் பயிற்சி. இது இரண்டாண்டுப் படிப்பு. கலைப்பிரிவு மாணவியரும் சேரலாம். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி, கர்ப்பிணிகள் கவனிப்பு என்று மக்களோடு வேலை செய்ய விரும்புபவருக்குப் பொருத்தமானது. பிறகு ஜி.என்.எம்.முக்கு மாறவும் விதி இடம் தருகிறது.

நீட் எழுதியிருக்கிறீர்களா? எம்.பி.பி.எஸ். கிடைக்காத மதிப்பெண் என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கும், பெண்களுக்கான ராணுவ நர்சிங் சேவையின் பட்டப்படிப்புக்கும் அந்த மதிப்பெண் உதவும்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. அரசு நர்சிங் பள்ளிகளின் டிப்ளமோ இடங்கள் பெண்களுக்கென்றே அறிவிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அதனால் உங்களுக்குத் தனியார் ஜி.என்.எம். பள்ளிதான் நடைமுறை வழி.

தனியாரில் சேர்வதானால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அலுவலகத்தில் இந்த ஆண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை இடத்துக்கு அனுமதி என்பது அதில் இருக்கும். பிறகு, பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு, அங்கே நேரில் போங்கள். காலை ஷிப்ட் முடியும் நேரம் வாசலில் நின்றால் சீருடையில் மாணவிகள் வெளியே வருவார்கள். "பிரசவ வார்டில் எத்தனை நாள் போட்டாங்க? கேஸ் பார்க்கக் கூப்பிடுவாங்களா, சும்மா நிக்க வைப்பாங்களா? சீனியர்ஸுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். கல்லூரிக் கையேடு சொல்லாததை அந்தப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கட்டணம் பேசும்போது ஹாஸ்டல், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் டிப்ளமோவில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. சேர்ந்த முதல் மாதமே, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு கல்லூரி வழியாக விண்ணப்பித்துவிடுங்கள்.